மயங்கிக் கிடப்பவருக்காக உங்கள் போன் பேசட்டும்

(அரசு மருத்துவமனையில் நீண்ட காலமாகப் பணியாற்றும் செவிலியர் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவினர், ஆட்டோ ஓட்டுநர்கள், நோயாளிகளின் குடும்பத்தினர் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பின்னாடி நிக்கிற ஆட்டோ தம்பிங்க முன்னாடி வந்து உட்காருங்க, நாற்காலி காலியாத்தான் இருக்கு. இன்னைக்குப் பேசப் போறதுல உங்களுக்கும் வேலை இருக்கு.

முதலில் ஒரு கேள்வி. சர்க்கரை நோயைப் பற்றிக் கேள்விப்படாதவங்க யாராவது இருக்கீங்களா? இல்லை. பி.பி.? அதுவும் இல்லை. தைராய்டு? பாதிப் பேர் வீட்டில் மாத்திரை டப்பாவே இருக்கும். சரி, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு? மூணு கை தூக்கியிருக்கு. அந்த மூணு பேரும் நோயாளி வீட்டுக்காரங்க. மற்றவங்களுக்குப் பேரே புதுசு. அதனாலதான் இந்தப் பேச்சு.

நம்ம உடம்பில் இரண்டு சிறுநீரகங்களுக்கும் மேலே, தொப்பி வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான். அதில் சுரக்கிற முக்கியமான ஹார்மோன் கார்டிசால். இரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வது, இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது, நோய் வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் அதன் வேலை. விடியற்காலையில் அதிகம் சுரக்கும், ராத்திரியில் குறையும். காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் என்று உடம்புக்கு ஒரு சோதனை வந்தால், யாரும் சொல்லாமலே பல மடங்கு சுரந்து கொடுக்கும். இதே சுரப்பியில் ஆல்டோஸ்டீரோன் என்று இன்னொன்று சுரக்கிறது. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது அது.

இந்தச் சுரப்பு நின்றுபோனால், அல்லது போதாமல் போனால், அதுதான் அட்ரினல் குறைபாடு. அந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் ஆள் எழுந்து நடமாடுவார், வேலைக்குப் போவார், குழந்தை பெறுவார். ஆனால் அந்த மாத்திரை இரண்டு நாள் நின்றாலோ, காய்ச்சல் நேரத்தில் அளவு கூட்டாமல் விட்டாலோ, வாந்தியில் வெளியே வந்துவிட்டாலோ, சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் படுத்துவிடும். உயிரே போகலாம். அதைக் காப்பாற்றுகிற ஊசி ரொம்ப அபூர்வமானது ஒன்றும் இல்லை. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் நாங்கள் வழக்கமாகப் போடுகிற ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான். அலமாரியில் மருந்து இருக்கும், போட ஆளும் இருப்பார்கள். படுத்திருப்பவருக்கு அது தேவை என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. இதுதாங்க முழுப் பிரச்சனையும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சுரப்பி சிறுநீரகத்தின் மேல் இருப்பதால், நிறைய வீடுகளில் இதைக் 'கிட்னி பிரச்சனை' என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் அப்படிச் சொல்லிட்டுப் போங்க, பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்லாதீங்க. கிட்னி நோயாளிக்கு உப்பைக் குறை, தண்ணீரைக் குறை என்பார்கள். அடிசன் நோய் என்று சொல்கிற வகையில் உடம்பிலிருந்து உப்பு தானாகவே போய்க்கொண்டிருக்கும். அவருக்கு உப்பைக் குறைத்தால் நாமே குழியில் தள்ளின மாதிரி. ஒரு மாமியார், நல்ல மனசோடதான், மருமகளுக்கு உப்பில்லாக் கஞ்சியே கொடுத்துட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாம ஊறுகாய் ஜாடியில் கை விட்டுச் சாப்பிட்டிருக்கு. அது கெட்ட பழக்கம் இல்லைங்க. உடம்பு உப்புக் கேட்டிருக்கு.

அடிசன் என்பது ஒரு டாக்டரின் பெயர். லண்டனில் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த தாமஸ் அடிசன், 1855-ல் இந்த நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அந்தக் காலத்தில் அங்கே இதற்கு முக்கியக் காரணம் காசநோய். இப்போது மேலை நாடுகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் பெரிய காரணம். நம்ம நாட்டில் அதுவும் உண்டு, காசநோயும் இன்னும் உண்டு. டி.பி. கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. அட்ரினல் சுரப்பிக்கும் போகும்.

இதில் டி.பி. மருந்து கொடுக்கிற தன்னார்வலர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் மாத்திரை, கல்லீரலில் இந்த ஹார்மோன் மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஹைட்ரோகார்டிசோன் சாப்பிடுகிற ஒருவருக்கு டி.பி. மருந்து ஆரம்பித்தால், ஹார்மோன் அளவை டாக்டர் கூட்ட வேண்டியிருக்கும். டி.பி. மருந்து தொடங்கிய சில வாரத்தில் ஒருவர் எழுந்து நிற்க முடியாமல் துவண்டால், 'மருந்து சூடு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீங்க. டாக்டரிடம் கூட்டிப் போங்க.

அடுத்தது, பெண்கள் கேட்க வேண்டியது. பிரசவத்தின்போது இரத்தம் அதிகமாகப் போனால், மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி சேதமாகலாம். அட்ரினலுக்கு 'நீ சுர' என்று உத்தரவு கொடுப்பது அந்தப் பிட்யூட்டரிதான். உத்தரவு இல்லாவிட்டால் அட்ரினல் சும்மா கிடக்கும். இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். பிள்ளை பிறந்த பிறகு பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவே இல்லை, ஆள் வெளுத்துப் போய் எப்பவும் அசதி; இதையெல்லாம் 'பிரசவத்தில் ரத்தம் போச்சு, அதான்' என்று வருஷக்கணக்காக இழுத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்து ஒரு வயிற்றுப்போக்கில் மயங்கி வந்த பிறகுதான் சிலருக்குக் கண்டுபிடிக்கிறோம். உங்கள் குழுவில் அப்படி யாராவது இருந்தால் ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்லுங்க. காலை எட்டு மணி வாக்கில் எடுக்கிற கார்டிசால் இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் துப்புக் கிடைத்துவிடும்.

மூன்றாவது காரணம்தான் இன்றைக்கு அதிகம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மருந்தை மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டால், 'நமக்கு வேலை இல்லை போலிருக்கு' என்று சொந்தச் சுரப்பி தூங்கப் போய்விடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காது. வாரக்கணக்கு, சில பேருக்கு மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் டாக்டர்கள் பிரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தவங்க பரவாயில்லை, குறைக்கிற கணக்கும் சீட்டில் இருக்கும். சீட்டே இல்லாமல் சாப்பிடுகிறவங்களை நினைச்சாத்தான் கவலை. மூட்டு வலிக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற கலர் கலர் மாத்திரைப் பொட்டலம், பத்து நாளில் சதை போடும் என்கிற பவுடர், வேர் மருந்து என்று பெயர் இல்லாமல் வருகிற உருண்டை. இவற்றில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ கலந்திருந்தால், சாப்பிடுகிறவரை வலி பறந்துவிடும், பசி நல்லா எடுக்கும், முகம் உப்பும். நிறுத்தினதும் படுக்கை. முகம் சிவக்க வேண்டும் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசுவதும் நல்லதில்லை. அட்டையில் பெயர் அச்சிடாத எந்த மாத்திரையையும் வாயில் போடாதீங்க. ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிட்டிருந்தால், இந்தப் பேச்சைக் கேட்டுட்டு இன்னைக்கே நிறுத்தவும் செய்யாதீங்க! அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்க.

எப்படித் தெரிந்துகொள்வது? சிக்கல் என்னவென்றால், எல்லாம் சாதாரண அறிகுறிகள். அசதி, எடை குறைவது, பசியின்மை, எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், வயிற்று வலி. வீட்டில் 'சோம்பேறி' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஆனால் அடிசன் நோயில் ஒரு தனி அடையாளம் உண்டு, தோல் கறுப்பது. நம்ம நிறத்துக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், 'வெயிலில் கறுத்துட்டா' என்று சொல்லிவிடுவோம். வெயில் படாத இடத்தைப் பாருங்க. உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டி, ஈறு, பழைய தழும்பு. இதற்கு உங்கள் கையில் இருக்கிற போனே நல்ல சாட்சி. இரண்டு வருஷம் முன்னாடி ஏதாவது விசேஷத்தில் எடுத்த போட்டோவைத் திறந்து, இப்போதைய முகத்தோடு ஒப்பிடுங்க. ஓ.பி.யில் டாக்டர்களும் பழைய போட்டோ கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பிட்யூட்டரியால் வருவதிலும் மாத்திரையால் வருவதிலும் இந்தக் கறுப்பு இருக்காது.

நோய் தெரிந்த பிறகு வருகிற முதல் எதிரி, பக்கத்து வீட்டு ஆலோசனை. 'ஐயோ, ஸ்டீராய்டா? எலும்பு போயிடும், கிட்னி போயிடும், உடனே விடு.' 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஸ்டீராய்டு என்கிற சொல் எல்லார் வாயிலும் புரண்டது. அதிலிருந்து பயம் இன்னும் கூடிப்போச்சு. பயப்பட வேண்டிய இடம் வேறு. நோய்க்கு மருந்தாக அதிக அளவில் கொடுப்பது ஒன்று. சுரப்பி கொடுக்காததை ஈடுகட்டக் கொடுப்பது வேறொன்று. இவங்க சாப்பிடுவது பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன். உங்க உடம்பும் என் உடம்பும் தானாகச் செய்கிற அளவை ஒட்டித்தான். நமக்குச் சுரப்பியிலிருந்து வருது, அவங்களுக்கு மருந்துக் கடையிலிருந்து வருது. வேறு எந்த வைத்தியத்தைச் சேர்த்துக்கொண்டாலும் சரி, இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் பேச்சை மட்டும் கேட்காதீங்க.

அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடிக்கு இந்த நோய்தான். 1947-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். 1954-ல் முதுகில் ஆபரேஷன் செய்தபோது உயிருக்கே ஆபத்தாகி மீண்டார். 1961-ல் அதிபரானார். தேர்தல் நேரத்தில் அவருக்கு இந்த நோய் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். அவர் மறைத்தால் தாங்கும், சுற்றிலும் டாக்டர்கள் இருந்தார்கள். பஸ்ஸில் தனியாகப் போகிற நம்ம வீட்டுப் பிள்ளை மறைத்தால் தாங்காது.

இனி காய்ச்சல் நாள் கணக்கு. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுதான் உங்களுக்குச் சட்டம், நான் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்வதைச் சொல்கிறேன். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் அளவு இரண்டு மடங்கு. 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஃப்ளூட்ரோகார்டிசோன் சாப்பிடுகிறவங்க அதை இரட்டிப்பாக்க வேண்டாம். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே பல் டாக்டரிடம் சொல்லுங்க. விரதம், நோன்பு இருப்பதானால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீங்க. சிலருக்கு அளவை மாற்றிக் கொடுப்பார்கள், சிலருக்கு வேண்டாம் என்றே சொல்வார்கள்.

வாந்தி என்றால் கணக்கு வேறு. மாத்திரை போட்ட அரைமணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி ஒரு தடவை போடலாம். அதுவும் வெளியே வந்தால், மாத்திரையை நம்பாதீங்க. ஊசிதான். பெரியவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம், தொடையில் தசையில் போடலாம், நரம்பிலும் போடலாம். போட்டுவிட்டு ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப அளவு குறையும், அதை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்திருங்க.

நம்ம ஊரில் மயக்கம், அசதி என்றாலே 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்கிற வழக்கம் இருக்கிறது. இவங்களுக்கு வெறும் குளுக்கோஸ் போதாது. தேவை ஸ்டீராய்டு ஊசியும் உப்புக் கரைசலும், அதாவது நார்மல் சலைனும். சர்க்கரை இறங்கியிருந்தால் அதோடு சேர்த்து குளுக்கோஸ். ஒரு ஊரில், எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், ஒரு இளைஞருக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி எங்களிடம் வந்தபோது பி.பி. எடுபடவில்லை. கூட வந்த தங்கச்சி, பத்தாவது படிக்கிற பொண்ணு, 'அண்ணன் தினமும் சாப்பிடற மாத்திரை இது' என்று காலி அட்டையை நீட்டினாள். அதைப் படித்துவிட்டுத்தான் ஊசி போட்டோம். காலையில் இட்லி கேட்டார். இளநீரும் அப்படித்தான், நல்லதுதானே என்று கொடுத்துவிடாதீங்க. அதில் பொட்டாசியம் அதிகம். அடிசன் நோயாளிக்கு நோய் முற்றிய நேரத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

அந்தப் பொண்ணு அன்னைக்குக் கூட இருந்தாள். இல்லாத நாளில்?

இப்ப எல்லாரும் போனை எடுங்க. நோய் இல்லாதவங்களும் எடுங்க, வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போடுகிற அப்பாவுக்கும் இது உதவும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே தேடுகிற கட்டத்தில் 'எமர்ஜென்சி' என்று அடியுங்க. போனுக்குப் போன் இடம் மாறும், ஆனால் மருத்துவத் தகவல், அவசரத் தொடர்பு எண் என்று இரண்டு பகுதி வரும். ஐபோனில் 'ஹெல்த்' ஆப்பில் 'மெடிக்கல் ஐடி' என்று இருக்கும். பூட்டியிருக்கும்போதும் காட்டு என்கிற பொத்தானை மறக்காமல் இயக்குங்க. அங்கே என்ன எழுதணும்னா, இது போதும்: 'எனக்கு அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், நிறுத்தக் கூடாது. மயக்கம், வாந்தி, விபத்து என்றால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, உப்புக் கரைசல்.' தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. வெளிமாநிலத்தில் மயங்கினால் தமிழ் மட்டும் உதவாது.

எழுதி முடித்ததும் போனைப் பூட்டி பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்க. கடவுச்சொல் சொல்லாமல் அவரால் அதைப் படிக்க முடிகிறதா? 'எமர்ஜென்சி' என்கிற எழுத்தைத் தொட்டால் வர வேண்டும். வரவில்லை என்றால் நீங்கள் எழுதியும் எழுதாத மாதிரிதான். நிறைய பேர் ரிப்போர்ட் எல்லாம் போனில் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன், ஆபா கணக்கில் சேர்த்திருக்கேன் என்கிறார்கள். ரொம்ப நல்லது, செய்யுங்க, அடுத்த ஓ.பி.க்கு உதவும். ஆனா மயங்கிக் கிடக்கிறவர் ஓ.டி.பி. சொல்ல முடியாதுங்களே.

செட்டிங்ஸ் புரியாதவங்களுக்கு இதைவிடச் சுலப வழி உண்டு. அதே வாசகத்தைப் பெரிய எழுத்தில் நோட்ஸில் அடித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பூட்டுத்திரைப் படமாகவே வைத்துவிடுங்க. பேரன் படம் போயிடுமே என்று ஒரு பாட்டி கேட்டாங்க. உள்ளே போனால் பேரன், வெளியே இந்த வாசகம். அப்படி வெச்சுக்கொடுத்தோம்.

போனை மட்டும் நம்பவும் வேண்டாம். சார்ஜ் தீரும், விபத்தில் உடையும், சில நேரம் யாராவது எடுத்துக்கொண்டே போய்விடுவார்கள். ஒரு சின்ன அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில், ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் வையுங்க. இங்கிலாந்தில் 2020 முதல் இதற்கென்றே ஸ்டீராய்டு அவசர அட்டை கொடுக்கிறார்கள். நமக்கு ஜெராக்ஸ் கடையில் இருபது, முப்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஆட்டோ தம்பிங்களே, உங்கள் வேலை இதுதான். அடிபட்டவரையோ மயங்கினவரையோ தூக்கிக்கொண்டு போகும்போது பர்ஸில் இப்படி அட்டை கண்ணில் பட்டால், அதை டாக்டர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்க. 108-க்குக் கூப்பிடுகிறவங்களும் 'மயங்கிட்டாங்க' என்பதோடு நிறுத்தாமல், 'அட்ரினல் குறைபாடு, ஸ்டீராய்டு ஊசி வேணும்' என்று சொல்லுங்க. வருகிறவர்களிடம் அதையே மறுபடியும் சொல்லுங்க. ஆஸ்பத்திரி வாசலில் மூணாவது தடவை. தொந்தரவு என்று நினைத்தால் நினைக்கட்டும். சந்தேகத்தின் பேரில் ஒரே ஒரு தடவை போட்டாலும் அந்த ஊசி கெடுதல் செய்யாது. தேவைப்பட்டவருக்குப் போடாமல் விட்டால்தான் கெடுதல்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி. மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் சொல்லி வையுங்க. பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம். வேலைக்குப் போகிறவர் பக்கத்து மேசைக்காரர் ஒருவரிடமாவது. ஊருக்கே சொல்ல வேண்டாம், ஆனால் தினமும் நம்மைப் பார்க்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்கணும்.

மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்னாடி போனில் ஒரு நினைவூட்டல் போடுங்க. ஃப்ளூட்ரோகார்டிசோன் சின்ன ஊர்க் கடைகளில் எல்லா நாளும் இருக்காது, சொல்லி வைத்து வாங்கணும். பயணத்தில் மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்க.

ஒரு அம்மா இப்ப கேட்டாங்க, 'ஊசியை வீட்டில் வெச்சுக்கலாமா, எனக்குக் குத்தக் கை நடுங்குமே' என்று. டாக்டர் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்மா. தூள் மருந்துதான், ஃப்ரிட்ஜ் தேவையில்லை, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடம் போதும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளணும். கை நடுங்குவது எல்லாருக்கும் உள்ளதுதான், பழகினால் சரியாகும். சாத்துக்குடி வாங்கி வெச்சிருக்கேன். தூளில் தண்ணீர் கலப்பதையும் குத்துவதையும் அந்த மேசையில் செய்து காட்டறேன். முதலில் கை தூக்கின மூணு வீட்டுக்காரங்களும் வாங்க, மற்றவங்களும் வரலாம். ஆளுக்கு ஒரு பழம் இருக்கு.